மினர்வா மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நோய்களின் மூலக்கூறு வரைபடங்களை உலாவியில் காட்டும் மென்பொருள் மினர்வா. லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தின் சிஸ்டம்ஸ் பயோமெடிசின் மையத்தில் உருவானது. பார்க்கின்சன் நோய் வரைபடமும், 2020இல் தொடங்கிய கோவிட்-19 நோய் வரைபடமும் இதில்தான் ஓடுகின்றன. அதைச் சொந்த சர்வரில் நிறுவி, ஆய்வகம் செல்டிசைனர் என்ற வரைகருவியில் வரைந்த வரைபடங்களை ஏற்றிப் பராமரிப்பவர்களுக்கான குறிப்பு இது. டெபியன் லினக்ஸ், மினர்வாவை ஓட்டும் டாம்கேட், தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், கோரிக்கைகளை வாங்கித் தர முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ் என்ற வழக்கமான அமைப்பை வைத்துச் சொல்லியிருக்கிறது. டாக்கரில் ஓட்டினால் கோப்புகள் இருக்கும் இடம் மாறும். சோதிக்கும் வரிசை மாறாது.

எந்தத் தொல்லை வந்தாலும் டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்வதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அந்நேரம் செயலாக்கத்தில் இருக்கும் வரைபடம் பாதியில் அறுந்து, மீண்டும் எழும்போது தோல்வி நிலையில் நிற்கும். பழியை எல்லோரும் கோப்பின்மேல் போடுவார்கள். முதலில் மூன்று சோதனை போதும்: டி.எஃப். -எச் (டிஸ்க் இடம்), டி.எஃப். -ஐ (ஐநோடு, அதாவது இன்னும் எத்தனை கோப்பு வைக்கலாம் என்ற கணக்கு), டாம்கேட் லாக் கோப்பின் கடைசி 200 வரி. பாதித் தொல்லைக்கு விடை இந்த மூன்றிலேயே கிடைத்துவிடும்.

## தளமே திறக்கவில்லை

### 502 வந்தால்

என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, டாம்கேட் பதில் சொல்லவில்லை.

டாம்கேட் இப்போதுதான் எழுந்திருந்தால் பொறுங்கள். புதிய பதிப்பு ஏற்றியபின் வரும் முதல் தொடக்கத்தில் தரவுத்தள அட்டவணைகள் மாற்றப்படும், வழக்கத்தைவிட நேரமாகும். "தொங்கிவிட்டது" என்று நடுவில் நிறுத்துவது வினையை விலைக்கு வாங்குவது.

சர்வீஸ் நின்றுபோயிருந்தால், யார் நிறுத்தியது என்று பாருங்கள். ஜர்னல்சிடிஎல் -கே கட்டளையில் "அவுட் ஆஃப் மெமரி" என்ற வரியும் ஜாவாவின் பெயரும் சேர்ந்து இருந்தால், கொன்றது லினக்ஸ் கெர்னல். ஜாவாவின் நினைவக உச்சவரம்பான எக்ஸ்எம்எக்ஸ் அளவை ஏற்றுவது இங்கே மருந்தல்ல, நோய். 8 ஜி.பி. ராம் உள்ள இயந்திரத்தில் ஜாவாவுக்கு 4 ஜி.பி. கொடுங்கள், மிச்சம் போஸ்ட்கிரெஸுக்கும் கெர்னலின் கோப்புத் தேக்கத்துக்கும் வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ராம்தான் வாங்க வேண்டும்.

கெர்னல் லாகில் ஒன்றும் இல்லாமல், டாம்கேட் லாகில் "ஜாவா ஹீப் ஸ்பேஸ்" என்று இருந்தால் கதை வேறு; ஜாவாவுக்குக் கொடுத்த நினைவகம் (ஹீப்) போதவில்லை. எக்ஸ்எம்எக்ஸ் எதுவும் கொடுக்காத ஜாவா, மொத்த ராமில் கால்வாசியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 8 ஜி.பி. இயந்திரத்தில் 2 ஜி.பி.; பெரிய நோய் வரைபடம் ஒன்றுக்கே அது திணறும். ஈடிசி/டீஃபால்ட் அடைவில் உள்ள டாம்கேட் கோப்பில் ஜாவா ஆப்ட்ஸ் வரியில் அளவைக் கொடுங்கள்.

### டாம்கேட்டின் 404 பக்கம் வந்தால்

டாம்கேட் ஓடுகிறது, மினர்வா அதற்குள் எழவில்லை. லாகில் பிழை நீளமாக இருக்கும். மேலிருந்து படிக்காதீர்கள். கடைசியாக வரும் "காஸ்டு பை" வரிதான் உண்மைக் காரணம்.

*இணைப்பு மறுக்கப்பட்டது என்றால்:* போஸ்ட்கிரெஸ் நின்றிருக்கிறது, அல்லது போர்ட் மாறியிருக்கிறது. டெபியனைப் பெரிய பதிப்புக்கு உயர்த்தியபின் இது அடிக்கடி நடக்கும். பழைய கிளஸ்டர் (போஸ்ட்கிரெஸின் தரவுத் தொகுப்பு) 5432இல் இருக்க, புதிதாக வந்த காலிக் கிளஸ்டர் 5433இல் உட்கார்ந்திருக்கும். யாராவது பழைய போஸ்ட்கிரெஸ் பேக்கேஜை "தேவையில்லை" என்று நீக்கியிருந்தால் 5432இல் யாருமே இருக்க மாட்டார்கள். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கட்டளை நிலவரத்தைச் சொல்லும். தரவு அடைவு பத்திரமாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பழைய பேக்கேஜைத் திரும்ப நிறுவி, காலியாக உள்ள புதிய கிளஸ்டரை பிஜி_டிராப்கிளஸ்டரால் நீக்கிவிட்டு, பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் ஓட்டுங்கள். ஓட்டுமுன் பிஜி_டம்ப் (தரவுத்தளத்தின் முழு நகல்) எடுங்கள்.

*டெபியன் 12க்குப் போனபின் 404 என்றால்:* அந்தப் பதிப்பில் டாம்கேட் 9 சர்வர் பேக்கேஜ் இல்லை. டாம்கேட் 10 வந்துவிட்டது. டாம்கேட் 10 "ஜகார்த்தா" பெயர்வெளியை மட்டும் ஏற்கும். பழைய "ஜாவாக்ஸ்" பெயர்வெளியில் கட்டிய வார் கோப்பு (டாம்கேட்டில் போடும் மினர்வாவின் நிறுவல் கோப்பு) அதில் எழாது. டாம்கேட் 10க்கென்று வெளியிடப்பட்ட மினர்வாவைப் போடுங்கள். அது கைவசம் இல்லாவிட்டால், ஓடிக்கொண்டிருந்த டெபியனிலேயே நில்லுங்கள்.

*பதிப்பை உயர்த்தி, பிடிக்காமல் பழைய வார் கோப்பைத் திரும்பப் போட்டபின் என்றால்:* அட்டவணைகள் ஏற்கெனவே மாறிவிட்டன. வார் கோப்பை மட்டும் பின்னுக்கு இழுக்க முடியாது. உயர்த்துமுன் எடுத்த டம்பையும் சேர்த்து மீட்க வேண்டும். டம்ப் இல்லை என்றால் கையால் அட்டவணையைத் திருத்தாதீர்கள். போஸ்ட்கிரெஸ் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

### 504 அல்லது 413 வந்தால்

504 என்றால் என்ஜின்எக்ஸ் காத்திருந்து சலித்துவிட்டது. பிராக்ஸி ரீட் டைம்அவுட் இயல்பாக 60 விநாடி; 300 ஆக்குங்கள். 413 என்றால் கோரிக்கை பெரிது. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்.பி.க்கு மேல் ஏற்காது. நிர்வாகப் பக்கம் வழியாக ஏற்றும் கோப்பு துண்டு துண்டாகப் போவதால் அங்கே இது தெரியாமல் போகலாம். செல்டிசைனர் கோப்பை எஸ்.பி.ஜி.என். என்ற வரைபட வடிவத்துக்கு மாற்றும் ஏ.பி.ஐ.க்கு முழுக் கோப்பும் ஒரே மூச்சில் போகும், அங்கே மாட்டும். கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ் 100எம் கொடுத்தால் தீர்ந்தது.

## ஏற்றிய வரைபடம் பாதியில் நிற்கிறது, அல்லது தோல்வி என்கிறது

மீண்டும் மீண்டும் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் நினைவகத்துக்கும் வெளிச் சேவைகளுக்கும் இன்னொரு பாரம். புராஜெக்ட் பட்டியலில் நிலை எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்: பாகுபடுத்தல், குறிப்புரை சேர்த்தல், தரவுத்தளத்தில் எழுதுதல், படம் உருவாக்குதல். காரணம் படிக்குப் படி வேறு.

### பாகுபடுத்தலில் தோல்வி

முதலில் பார்க்க வேண்டிய எளிய காரணம்: பாகுபடுத்தியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது. செல்டிசைனர் கோப்பும் வெறும் எஸ்.பி.எம்.எல். கோப்பும் இரண்டுமே எக்ஸ்.எம்.எல். வால் உள்ளவை, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கோப்பை ஒரு உரைத் தொகுப்பியில் திறந்து முதல் சில வரிகளில் செல்டிசைனர் பெயர்வெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஜிப். முதன்மை வரைபடம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்றவை துணை வரைபடங்களாகவும், அவற்றை இணைக்கும் மேப்பிங் கோப்பு மேப்பிங் என்றும் குறிக்கப்பட வேண்டும். ஏற்றும் படிவத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே வகை காட்டும். அவசரத்தில் அதைப் பார்க்காமல் அழுத்துவதுதான் பாதித் தோல்விக்குக் காரணம். மேக் கணினியில் சுருக்கிய ஜிப்பில் "மேக்ஓஎஸ்எக்ஸ்" என்ற பெயரில் ஒரு உபரி அடைவு ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

இரண்டும் சரியென்றால் கோப்பைச் செல்டிசைனரில் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அதை ஏற்றுங்கள். கையால் எக்ஸ்.எம்.எல்.ஐத் திருத்தியவர்கள் விட்டுச்சென்ற சிறு பிழைகள் அதில் வெளிப்பட்டுவிடும். அப்படியும் தோற்றால் துணை வரைபடங்களைத் தனித்தனியாக ஏற்றி, குற்றவாளி எது என்று பிரியுங்கள்.

### குறிப்புரைப் படியில் சதவீதம் நகரவில்லை

இங்கேதான் அதிக நேரம் வீணாகிறது. மினர்வா ஒவ்வொரு புரதத்துக்கும் மரபணுவுக்கும் வெளியே போய் ஹெச்.ஜி.என்.சி. (மரபணுப் பெயர்கள்), யூனிப்ராட் (புரதங்கள்) போன்ற சேவைகளைக் கேட்கிறது. கேட்ட பதிலைத் தன் தரவுத்தளத்தில் தேக்கிவைக்கும். ஆகவே புத்தம் புதிய சர்வரில் முதல் பெரிய வரைபடம் மணிக்கணக்கில் ஓடுவது கோளாறல்ல. இரண்டாம் முறை வேகமாகப் போகும். சதவீதம் மெல்லவேனும் நகர்ந்தால் விட்டுவிடுங்கள்.

நகரவே இல்லையென்றால், சோதனை ஒன்று: தானியங்கிக் குறிப்புரைத் தேர்வை எடுத்துவிட்டு அதே கோப்பை வேறு அடையாளத்தில் ஏற்றுங்கள். நிமிடங்களில் ஏறிவிட்டால் கோப்பு நல்லது, வெளிப்பாதைதான் அடைபட்டிருக்கிறது.

சோதனை இரண்டு: சர்வரிலிருந்தே ஹெச்.ஜி.என்.சி.யின் ரெஸ்ட்.ஜீன்நேம்ஸ்.ஆர்க் முகவரியைக் கர்ல் மூலம் கூப்பிடுங்கள். பின்வரும் மூன்றில் ஒன்று நடக்கும்.

- கர்லும் போகவில்லை. ஃபயர்வால். நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவுக்கு எழுதி, வெளியே 443 போர்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஐ.பி. பட்டியல் கேட்டால் கொடுக்காதீர்கள்; அந்தச் சேவைகளின் ஐ.பி. மாறும், பெயர் வைத்தே அனுமதிக்கச் சொல்லுங்கள்.
- கர்ல் போகிறது, மினர்வா போகவில்லை. பிராக்ஸி. கர்ல் எச்.டி.டி.பி.எஸ்._பிராக்ஸி என்ற சூழல் மாறியைப் படிக்கும், ஜாவா படிக்காது. ஜாவா ஆப்ட்ஸில் எச்.டி.டி.பி.எஸ். பிராக்ஸிஹோஸ்ட், பிராக்ஸிபோர்ட் இரண்டையும் -டி வைத்துத் தனியே கொடுக்க வேண்டும்.
- லாகில் "பி.கே.ஐ.எக்ஸ். பாத் பில்டிங் ஃபெயில்டு" என்று வருகிறது. நிறுவனம் டி.எல்.எஸ். போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கிறது. அதன் சான்றிதழை ஜாவா நம்பவில்லை. அந்தச் சான்றிதழைச் சி.ஆர்.டி. வாலுடன் யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/சிஏ-சர்டிஃபிகேட்ஸ் அடைவில் போட்டு அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ் ஓட்டினால், சிஏ-சர்டிஃபிகேட்ஸ்-ஜாவா பேக்கேஜ் இருக்கும் டெபியனில் ஜாவாவின் நம்பிக்கைப் பட்டியலும் புதுப்பிக்கப்படும்.

பிராக்ஸிக்கும் சான்றிதழுக்கும் டாம்கேட் ரீஸ்டார்ட் தேவை. அதற்குமுன் வேறு யாருடைய வரைபடமாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள்.

### தரவுத்தளப் படியிலோ படம் உருவாக்கும் படியிலோ தோல்வி

முதலாவதென்றால் பெரும்பாலும் ஹீப். மேலே சொன்னபடி அளவைக் கூட்டுங்கள். இரண்டாவதென்றால் டிஸ்க். அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

## வரைபடம் திறக்கிறது, ஆனால் வெறும் வெள்ளை அல்லது சாம்பல் கட்டங்கள்

படத் துண்டுகளைச் சர்வரே முன்கூட்டி வெட்டிவைக்கும் பதிப்புகளுக்கு உரியது இது. உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் தாவலைத் திறந்து, ஒரு துண்டுப் படம் என்ன எண்ணோடு திரும்புகிறது என்று பாருங்கள்.

### 404

துண்டு டிஸ்க்கில் இல்லை. மூன்று வழியில் இப்படி ஆகும்.

ஒன்று, டம்பை மட்டும் மீட்டது. துண்டுகள் தரவுத்தளத்தில் இல்லை. டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் அடைவுக்குள் மேப்_இமேஜஸ் என்ற அடைவில் இருக்கின்றன. பேக்கப்பில் அதையும் சேர்க்காதவர்களுக்கு, மீட்ட அன்றுதான் இது தெரியும். பழைய அடைவு எங்கும் இல்லையென்றால் மூலக் கோப்புகளை மறுபடி ஏற்றுவதே வழி.

இரண்டு, வார் கோப்பை மாற்றும்போது "சுத்தமாக இருக்கட்டும்" என்று வெப்ஆப்ஸ் முழுவதையும் துடைத்தது. மினர்வா வாரையும் அது விரிந்த அடைவையும் தவிர எதையும் தொடாதீர்கள். பக்கத்திலேயே மினர்வா-பிக் என்ற அடைவும் இருக்கலாம். பெரிய மரபணுத்தொகுதிக் கோப்புகள் அதில் இருக்கும்.

மூன்று, ஐநோடு தீர்ந்தது. டி.எஃப். -எச் 40 சதவீதம் காலி என்று சிரிக்கும். லாகிலோ "நோ ஸ்பேஸ் லெஃப்ட்". கணக்கு இப்படி: ஒரு துண்டு 256 × 256 பிக்சல். 16,384 பிக்சல் அகலமும் உயரமும் உள்ள வரைபடத்துக்கு உச்சப் பெரிதாக்கத்தில் 64 × 64, அதாவது 4,096 துண்டு. கீழ்நிலைகளையும் கூட்டினால் 5,461. இது ஒரே ஒரு காட்சி வகைக்கு. படிநிலைக் காட்சி, வெற்றுப் பின்னணி என்று ஒவ்வொன்றுக்கும் மறுபடி, துணை வரைபடம் ஒவ்வொன்றுக்கும் மறுபடி. இ.எக்ஸ்.டி.4 இயல்பாக 16 கே.பி.க்கு ஒரு ஐநோடு ஒதுக்கும். வெற்றுத் துண்டோ 4 கே.பி. பிளாக் ஒன்றில் அடங்கிவிடும். அதனால் இடம் தீருமுன் ஐநோடு தீர்கிறது.

பழைய, யாரும் பார்க்காத புராஜெக்ட்களை நிர்வாகப் பக்கத்திலிருந்து நீக்குவது உடனடித் தீர்வு. டிஸ்க்கில் நேரடியாக அடைவை அழிக்காதீர்கள். நிலையான தீர்வு, மேப்_இமேஜஸுக்குத் தனி டிஸ்க். இ.எக்ஸ்.டி.4இன் ஐநோடு விகிதத்தை வடிவமைத்தபின் மாற்ற முடியாது; எக்ஸ்.எஃப்.எஸ். தேவைக்கேற்ப ஒதுக்கும், இந்த வேலைக்கு அதுவே மேல்.

டிஸ்க்கை மாற்றும்போது ஒரு பொறி. மேப்_இமேஜஸை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி சிம்லிங்க் போட்டால், உரிமை டாம்கேட் பயனருக்குச் சரியாக இருந்தும், ரூட்டாக எழுத முடிந்தும், லாகில் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வரும். டெபியனின் டாம்கேட் 9 சர்வீஸ் கோப்பில் புரொடெக்ட்சிஸ்டம் "ஸ்ட்ரிக்ட்" என்று இருக்கிறது; வெப்ஆப்ஸ், லாக் போன்ற சில அடைவுகளைத் தவிர மற்ற எல்லாமே டாம்கேட்டின் கண்ணுக்குப் படிக்க மட்டும். சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் சர்வீஸ் பகுதியில் ரீட்ரைட்பாத்ஸ் என்று எழுதிப் புதிய அடைவின் முழுப் பாதையைச் சேருங்கள். இல்லையென்றால் சிம்லிங்க்கே வேண்டாம். புதிய டிஸ்க்கை மேப்_இமேஜஸ் இடத்திலேயே நேராக மவுண்ட் செய்துவிடுங்கள்.

### 403

ரூட்டாக நகலெடுத்ததன் விளைவு. உரிமையாளரை டாம்கேட் பயனருக்கு மாற்றுங்கள். 777 கொடுப்பவர்களைப் பார்த்தால் கையைப் பிடியுங்கள்.

### எண்ணே இல்லை, உலாவி தடுத்துவிட்டது

பக்கம் எச்.டி.டி.பி.எஸ்.; துண்டின் முகவரி எச்.டி.டி.பி. என்ஜின்எக்ஸ் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ தலைப்பை அனுப்புகிறதா என்றும், மினர்வா அமைப்புப் பக்கத்தில் தளத்தின் மூல முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள்.

## குறிப்புரை வரவில்லை, அல்லது தவறாக வருகிறது

சில உறுப்புகளுக்கு மட்டும் இல்லையென்றால் பெயரைப் பாருங்கள். ஆல்ஃபா-சைனுக்லின் என்று எழுதினால் குறிப்புரை கிடைக்காமல் போகலாம், எஸ்.என்.சி.ஏ. என்ற அங்கீகரிக்கப்பட்ட குறியீடு வேண்டும். பெயரின் கடைசியில் ஒட்டிய இடைவெளியும் கண்ணில் படாத எதிரி.

எல்லா உறுப்புக்கும் இல்லையென்றால், ஏற்றும்போது தானியங்கிக் குறிப்புரை தேர்வாகியிருந்ததா என்று பாருங்கள். அது ஏற்றும்போது நடக்கும் வேலை. விட்டுப்போனால் மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.

வேறு உயிரினத்தின் குறிப்புரை வந்தால், புராஜெக்டின் உயிரின எண்ணைச் சரிபாருங்கள். மனிதனுக்கு 9606. வேதிப்பொருள் தேடல் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் புராஜெக்டின் நோய்ப் பெட்டி காலி. அதில் மெஷ் (மருத்துவச் சொற்பட்டியல்) எண் கொடுங்கள். பார்க்கின்சனுக்கு டி010300.

## மேலடுக்கு ஏற்றியும் வண்ணம் ஏறவில்லை

மேலடுக்கு என்பது வரைபடத்தின்மேல் ஆய்வகத் தரவை வண்ணமாகக் காட்டும் கோப்பு. பத்தில் ஒன்பது முறை குற்றவாளி எக்செல். கோப்பை உரைத் தொகுப்பியில் திறந்து இவற்றைப் பாருங்கள்.

- நெடுவரிசைகளுக்கு இடையே டேப் இருக்க வேண்டும். காற்புள்ளி செல்லாது.
- எக்செலின் "யூனிகோட் டெக்ஸ்ட்" யூ.டி.எஃப்.-16இல் சேமிக்கும். யூ.டி.எஃப்.-8க்கு மாற்றுங்கள்.
- பிரெஞ்சு, ஜெர்மன் அமைப்புள்ள கணினியில் 0.5 என்பது 0,5 ஆகிவிடும். தசமத்துக்குப் புள்ளிதான்.
- மதிப்பு -1க்கும் 1க்கும் இடையில் இருக்க வேண்டும். லாக் ஃபோல்டு சேஞ்சை அப்படியே போட்டால் 3.7 போன்ற எண்கள் வரும். கோப்பின் மிகப்பெரிய தனிமதிப்பால் எல்லாவற்றையும் வகுத்துவிடுங்கள்.
- மதிப்பு, வண்ணம் இரண்டு நெடுவரிசையும் ஒரே கோப்பில் வேண்டாம்.
- எஸ்.இ.பி.டி.2, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடும். 2020இல் ஹெச்.ஜி.என்.சி. அவற்றை செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றியது. வரைபடத்தில் பழைய பெயரும் மேலடுக்கில் புதிய பெயரும் இருந்தால் பொருந்தாது.

சிவப்பும் நீலமும் தலைகீழாக இருக்கிறது என்ற புகார் வந்தால் கோப்பில் தவறில்லை. -1க்கும் 1க்கும் எந்த நிறம் என்பது நிர்வாக அமைப்பில் இருக்கிறது. ஆய்வகத்தின் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏற்றியவருக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்றால் அது அவருடைய சொந்த மேலடுக்கு. எல்லோருக்கும் வேண்டுமென்றால் நிர்வாகி பொதுவாக்க வேண்டும்.

## பயனர் நுழைய முடியவில்லை, வரைபடம் தெரியவில்லை

நுழையாமல் பார்ப்பவர்கள் "அனானிமஸ்" என்ற கணக்கின் உரிமையில் பார்க்கிறார்கள். வெளியுலகுக்குத் திறக்க வேண்டிய புராஜெக்டுக்கு அந்தக் கணக்குக்குப் படிக்கும் உரிமை கொடுங்கள். எழுதும் உரிமை கூடவே கூடாது. புதிய பயனருக்கு முதற்பக்கமே மறுக்கப்பட்டால், இயல்பு வரைபடமாக வைத்த புராஜெக்டில் அவருக்கு உரிமை இல்லை.

கடவுச்சொல் சரி, ஆனால் நுழைந்ததும் மறுபடி நுழைவுப் பக்கமே வருகிறது என்றால் குக்கீ. மினர்வாவை அதன் இயல்பான /மினர்வா/ பாதையிலிருந்து எடுத்து வேறு பாதையில் காட்ட என்ஜின்எக்ஸில் வித்தை செய்தவர்களுக்கு இது வரும். குக்கீ பழைய பாதைக்கே எழுதப்படும். பிராக்ஸி குக்கீ பாத் வரியால் சரிக்கட்டலாம். பாதையை மாற்றாமல் விடுவது அதைவிட நல்லது.

நிறுவும்போது வரும் நிர்வாகி கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் "அட்மின்"தான். இன்னும் மாற்றவில்லையென்றால், மற்ற அறிகுறிகளை அப்புறம் பார்க்கலாம்.

## வேறு தளத்தில் பதித்தால் காலிச் சட்டம்

அமைப்புப் பக்கத்தில் எக்ஸ்-ஃப்ரேம் அனுமதிப் பட்டியலில் அந்தத் தளத்தின் முகவரியைச் சேருங்கள். என்ஜின்எக்ஸ் தன் பங்குக்கு எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் தலைப்பைச் சேர்க்கிறதா என்றும் பாருங்கள்.

## போஸ்ட்கிரெஸ் லாகில் "இன்வாலிட் பேஜ் இன் பிளாக்"

கையை எடுத்துவிடுங்கள். இணையத்தில் தேடினால் ஜீரோ_டேமேஜ்டு_பேஜஸ் அமைப்பை இயக்கச் சொல்வார்கள். அது கெட்ட பக்கங்களைத் துடைத்துவிடும், திரும்ப வராது. போஸ்ட்கிரெஸை நிறுத்தி, தரவு அடைவு முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஸ்மார்ட்சிடிஎல் -ஏ ஓட்டி, டிஸ்க்கின் மறுஒதுக்கீட்டு எண்ணிக்கையையும் நிலுவை செக்டர் எண்ணிக்கையையும் எழுதிவையுங்கள். கடைசி டம்பின் தேதி, அதற்குப்பின் ஏற்றிய புராஜெக்ட்களின் பட்டியல், மேப்_இமேஜஸின் நகல் ஆகியவற்றோடு தரவுத்தள நிபுணரை அழையுங்கள். அவர் வரும்வரை போஸ்ட்கிரெஸைத் தொடங்க வேண்டாம்.